ஆரஞ்சு கைக்குட்டை

"எவ்வளவு வாங்கியிருப்பான்னு நினைக்கிறே, மச்சான்?"

சலூன்காரர் கேட்டதற்கு மச்சான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பஸ் ஓட்டும் மனிதர். யார் என்ன கத்தினாலும் பார்வை நேராகத்தான் இருக்கும். கீழே அவருடைய மகன் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான். கல்லூரிகளுக்கு இடையிலான கூடைப்பந்து இறுதி ஆட்டம். பையனுக்கு இதுதான் கடைசி வருஷம்.

"யாரு வாங்கினது?" என்றார் மச்சான்.

"அந்தத் தலைமை நடுவருதான். நம்ம பையனுக்கு நாலு ஃபவுல் குடுத்துட்டான். இன்னும் ஒண்ணு குடுத்தா வெளியே உக்கார வேண்டியதுதான். கப்பு போன மாதிரிதான்."

"இவன் எதிராளி கையில அடிச்சான், அவரு குடுத்தாரு. நானே பார்த்தேன்."

"பெத்த அப்பன் பேசுற பேச்சா இது? தாய்மாமன் எனக்கில்ல வயிறு எரியுது. சரி, முதல் கால் ஆட்டம் முடிஞ்சு மணி அடிச்சப்புறமும் ஒரு ஃபவுல் குடுத்தானே, அதுக்கு என்ன சொல்றே?"

மச்சான் தாடையைச் சொறிந்தார். "அது மட்டும் எனக்கும் புரியல."

சலூன்காரருக்கு அது போதுமானதாக இருந்தது. எழுந்து நின்று, "யோவ், கண்ணு இருக்கா, வித்துட்டியா?" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினார். முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நடுவர் திரும்பவில்லை.

"பாரு, எருமைமாட்டு மேல மழை பெஞ்ச மாதிரி போறான். நேர்மையானவனா இருந்தா முறைக்கவாவது செய்யமாட்டானா? முடியைப் பாரு, காதை மூடி வளர்த்து வெச்சிருக்கான். என் நாற்காலியில உக்காரட்டும், ஒட்ட வெட்டி அனுப்பறேன்."

"நீ முதல்ல உக்காரு. பின்னாடி மறைக்குது."

உட்கார்ந்தபோதுதான் சலூன்காரர் அதைக் கவனித்தார். மூன்று வரிசை மேலே, ஓரத்தில் ஓர் அம்மாள். மடியில் துணிப்பை, கையில் ஆரஞ்சு கைக்குட்டை. அந்த அம்மாள் கைக்குட்டையைத் தூக்கினார். கீழே நடுவர் விசில் ஊதினார்.

சலூன்காரர் மச்சானின் தொடையைக் கிள்ளினார். "அங்க பாரு. அந்தம்மா காட்டுது, இவன் ஊதறான்."

"ஆள் மாத்தறதுக்கு மணி அடிச்சாங்கப்பா. அதுக்கு ஊதறாரு."

"நீ மணியைக் கேளு. நான் கைக்குட்டையைப் பாக்கறேன்."

பார்த்தார். மறுபடியும் கைக்குட்டை, மறுபடியும் விசில். இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அந்த அம்மாள் முதல் கால் ஆட்டம் முடிந்த பிறகுதான் மூச்சிரைக்க ஓடி வந்து உட்கார்ந்தார். அதிலிருந்து நடுவர் ஒரு கண்ணை அந்தப் பக்கமே வைத்திருந்தார்.

"கையும் களவுமா பிடிக்கறேன் பாரு" என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போய், அந்த அம்மாளுக்கு முன்வரிசையில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, அந்த நடுவரைத் தெரியுமா?"

அந்த அம்மாள் தயங்கினார். "எங்க வீட்டுக்காரரு."

"ஓஹோ. கைக்குட்டை எதுக்கு?"

"வேர்க்குதுண்ணே."

"வேர்த்தா முகத்தைத் துடைப்பாங்க. கொடியா பிடிப்பாங்க?"

அந்த அம்மாளின் முகம் வெளுத்தது. சலூன்காரருக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

கடைசி நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது. பையனின் அணி ஒரே ஒரு புள்ளி பின்னால். பந்து பையன் கையில். இப்போது மட்டும் கைக்குட்டை ஆடினால் ஐந்தாவது ஃபவுல், பையன் வெளியே. சலூன்காரர் எழுந்து, இடுப்பில் கையை ஊன்றி, அந்த அம்மாளுக்கு நேர் எதிரே சுவர் மாதிரி நின்றுகொண்டார்.

"அண்ணே, மறைக்குது. கொஞ்சம் நகருங்க."

"நானும் டிக்கெட் வாங்கித்தான் நிக்கறேன்."

அந்த அம்மாள் இடது பக்கம் எட்டினார். இவரும் இடது பக்கம் சாய்ந்தார். வலது பக்கம் எட்டினார். இவருடைய வயிறு அங்கேயும் வந்தது.

"உங்களைக் கும்பிடறேண்ணே, நகருங்க."

"ஆட்டம் முடியட்டும்மா, நகர்றேன்."

நேரம் பார்க்கும் மேஜையில் மணி நீளமாக அடித்து ஓய்ந்தது. எதிரணிப் பையன்கள் ஜெயித்துவிட்டோம் என்று ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். பையன் மட்டும் சும்மா, ஆற்றாமையில், கையிலிருந்த பந்தைக் கூடையை நோக்கி எறிந்தான். அது விழுந்தது.

நடுவர் ஒரு கணம் மேலே பார்த்தார். சலூன்காரரின் முதுகுதான் தெரிந்திருக்கும். பிறகு இரண்டு விரலைக் காட்டிக் கையை இறக்கினார். கூடை கணக்கில் சேர்ந்தது. மேஜைக்காரர்கள் கையை ஆட்டி என்னவோ சொன்னார்கள். அதற்குள் பையனின் கல்லூரிக்காரர்கள் களத்துக்குள் இறங்கிவிட்டார்கள். கப்பு பையனுடைய கல்லூரிக்கு.

எதிர்ப்பக்கக் கூட்டம் கொதித்தது. "எவ்வளவுடா வாங்கினே?" என்று யாரோ ஒருவன் செருப்பை வீசினான்.

மச்சான் படியேறி வந்தார். மகன் ஜெயித்த களை அவர் முகத்தில் இல்லை. "மணி அடிச்சு ஓஞ்சப்புறம்தான் பந்து அவன் கையை விட்டுப் போச்சு. நானே பார்த்தேன்."

"நடுவர் சொன்னா சொன்னதுதான் மச்சான்" என்று சிரித்தார் சலூன்காரர். "அந்தாளு நியாயஸ்தன்தான். இந்தம்மாவைத் தடுத்தேன் பாரு, தானா சரியாயிட்டான்."

பின்னால் அந்த அம்மாள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கூச்சல்ல அவருக்குக் காது மிஷின் வெச்சாலும் ஒண்ணும் கேக்காதுண்ணே. மணி அடிச்சா நான் இதைத் தூக்கிக் காட்டுவேன், அவ்வளவுதான்."