கண் பொருத்தம்

கும்பகோணத்தில் ஒரு தலைமுறையாகவே ஜாதகத்தை யாரும் தொடுவதில்லை, கண் பொருத்தம்தான். பெண்ணும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார, நடுவே ஒரு கண்ணாடிப் பலகை. அதில் ஒரே தலைக்கு இரண்டு உடல்கள்: கண் ஒரு பக்கம் போனால் யானை, மறுபக்கம் போனால் காளை. கண் போகும் போக்கை வைத்தே பலகை சொல்லிவிடும். இருவருக்கும் ஒரே விலங்கு தெரிந்தால்தான் கல்யாணம்.

மதிவதனியும் இளம்பரிதியும் ஏற்கெனவே காதலர்கள். "வலது பக்கமே பாரு, யானை வந்துடும்" என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள்.

பலகை கூவியது: "பெண், யானை. மாப்பிள்ளை, காளை."

ஐயையோ, எதிரில் இருப்பவனுக்கு வலது என்றால் தனக்கு இடதாயிற்றே! மதிவதனியின் கண் சட்டென்று இடப்பக்கம் தாவியது. அதே நொடியில் அவனுக்கும் அதே புத்தி வந்தது.

"பெண், காளை. மாப்பிள்ளை, யானை."

மறுபடியும் தாவினார்கள். மறுபடியும் மாறிப்போயிற்று. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"பொருந்தலையே..." அவள் அப்பாவின் முகம் தொங்கிப்போனது.

மாப்பிள்ளையின் அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கும் இவருக்கும் அன்னைக்கு ஒரே காளைதான் தெரிஞ்சுது. இன்னைக்கு வரைக்கும் முட்டிக்கிட்டுத்தான் கிடக்கோம். இதுங்க பாருங்க, மாத்தி மாத்தி விட்டுக்குடுக்குதுங்க. தாம்பூலத்தை மாத்துங்க, சம்பந்தி!"