கண்ணாடி டம்ளர் சாட்சி

"சமையலறையில கரப்பான்! ஒண்ணு தப்பிச்சு வந்தாலும் பெட்டியே வெளிய போகணும்னு பேச்சு. ஞாபகம் இருக்கா?" மனைவி கரண்டியோட நின்னா.

செல்லப் பல்லிக்குத் தீனியா அவன் பெட்டியில வளர்க்கிற முந்நூறு கரப்பானோட தலையெழுத்து இப்போ அவ கையில.

"நான் வளர்க்கிற ஜாதி வழவழப்புல ஏறவே ஏறாதும்மா. இப்பப் பாரு."

சமையலறையில ஓடினதைப் பிடிச்சு கண்ணாடி டம்ளர்ல போட்டான். விறுவிறுன்னு விளிம்பு வரைக்கும் ஏறிடுச்சு.

"பாத்தியா! இது என்னுது இல்லவே இல்ல!" துள்ளிக் குதிச்சான்.

அவ கரண்டிய மெதுவா கீழ வச்சா. "அப்போ என் சமையலறைதான் இதை வளர்த்திருக்கு. அதானே சொல்றீங்க?"

அவன் டம்ளரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"என்னுதுதான்மா. இவன் மட்டும் கொஞ்சம் கெட்டிக்காரன்"னு சொல்லிட்டு, பெட்டியத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு நடந்தான்.