ஜன்னலுக்கு வெளியே நீலம்

மகள் புதிதாகக் குடிபோன மாடி அறை, அம்மா வீட்டுக்கு அவள் கொண்டுவந்த மடிக்கணினித் திரையில் ஆறு சதுரப் படங்களாகக் கிடக்கிறது: நாலு சுவர், கூரை, தரை. மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பின் படியேறப் பயப்படும் அம்மா அந்த அறையை இன்னும் பார்த்ததில்லை. மகள் ஒரு பொத்தானைத் தட்டியதும் விளிம்புகள் ஒட்டிக்கொண்டு, அறை உள்ளே நின்று சுற்றிப் பார்க்கிற மாதிரி ஓர் உருண்டையாகிறது. சுவரில் ஏறும் ஒயர் மட்டும் கூரையில் தொடராமல் அறுந்து நிற்கிறது. “கூரைய ஒரு திருப்பு திருப்புடி,” என்கிறாள் அம்மா. மகள் கூரைப் படத்தைத் திருப்பியதும் ஒயர் சேர்ந்துகொள்கிறது. அம்மா மௌஸை வாங்கிக்கொண்டு அறையைச் சுற்றிச் சுற்றி வருகிறாள், ஜன்னலில் நின்றுவிடுகிறாள். கிளைகளுக்குப் பின்னால் ஏதோ நீலமாகத் தெரிகிறது. பெரிதாக்கினால் வெறும் கட்டம் கட்டமாகக் கலங்குகிறது.

“என்னடி அது?”

“சொல்ல மாட்டேன். வந்து பாரு.”

“எத்தன படி?”

“முப்பத்தாறு.”

அம்மா குனிந்து செருப்பைத் தேடுகிறாள்.