வலது பக்கக் கீழ்மூலை

“ஆயிரத்து நானூத்தி எழுபது பாக்கி. அதைக் கையில வச்சாத்தான் ஒயரைத் தொடுவேன்” என்றார் கேபிள்காரர்.

“தர்றேன். பாக்கெட்லதான் இருக்கு. முதல்ல உன் படத்தைக் காட்டு” என்றார் லோடுமேன். குளித்துத் தலை சீவி, மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தார். பகல் முழுக்க மூட்டை தூக்கிய தோள்பட்டை மட்டும் ஒரு பக்கம் இறங்கியே இருந்தது.

நாற்காலியில் டிஷ் கம்பெனிப் பையன் உட்கார்ந்திருந்தான். இரண்டு பேரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொன்னது லோடுமேன்தான். ஒரே மூட்டைக்குக் கை நீட்டிய இரண்டு கூலிக்காரர்களைப் போல அவர்கள் முறைத்துக்கொண்டார்கள்.

“இந்த ஏரியா லைனை நான் வாங்கினதுலேர்ந்து பாக்கறேன். ஏழு மாசமா காசு தரல. லைனை வெட்டினேன், சண்டைக்கும் வரல. இன்னிக்கு என்ன திடீர்னு டிவி மேல ஆசை?” என்றார் கேபிள்காரர்.

“அப்போ பாக்க ஒண்ணுமில்ல. இப்ப இருக்கு. ஆறு மணிச் செய்தி. அதுக்குள்ள கேபிளா டிஷ்ஷான்னு எனக்கு முடிவாகணும்.”

“செய்திக்கா இவ்வளவு அலங்காரம்!” பையன் சிரித்துவிட்டு, கையிலிருந்த டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினான். “எங்ககிட்ட முந்நூறு சேனல்ணே. மாசம் இருநூத்தி அறுபதுதான். சவுண்டைக் கேளுங்க, சும்மா அதிரும்.”

“அமுக்குப்பா அதை. சத்தம் எனக்குக் கணக்குலயே இல்ல.”

“நம்மது இருநூத்திப் பத்து” என்று கேபிள்காரர் இடையில் புகுந்தார். “டிஷ்ஷுக்குத் தனியா, பெட்டிக்குத் தனியான்னு முதல்லயே அழ வேண்டாம். படம் கரகரன்னா ஒரு போன் போடுங்க, ஏணியோட வந்து நிப்பேன். இவங்களைக் கூப்பிட்டா மெஷின்தான் பேசும். ஒண்ணை அழுத்து, ரெண்டை அழுத்துன்னு விரலே தேஞ்சிடும்.”

“இவரு ஒயரை ஒரு எலி கடிச்சாப் போதும்ணே, தெருவுக்கே படம் போயிடும்” என்றான் பையன்.

“எங்க எலி கடிச்சாலும் நான் வந்து ஒட்டுவேன்டா. உன் டிஷ் காத்துல திரும்பினா நீ வருவியா?”

லோடுமேன் கையை உயர்த்தினார். “படத்தைக் காட்டுங்கய்யா.”

கேபிள்காரர் முணுமுணுத்துக்கொண்டே ஒயரைச் செருகினார். செய்திச் சேனல் வந்தது. அடியில் ஒரு மஞ்சள் பட்டை ஓடியது. ‘ஒரே நாளில் பேன்ட் தைத்துத் தரப்படும்’ என்று அதில் தையல்கடை விளம்பரம்.

லோடுமேன் எழுந்து போய், திரையின் வலது பக்கக் கீழ்மூலையில் உள்ளங்கையை வைத்தார். “இந்த இடம் எனக்குச் சுத்தமா வேணும்.”

“மூலையில என்னண்ணே, புதையலா?”

“முந்நூறு சேனல்ல எனக்கு ஒண்ணு போதும். அதுல அரைமணி நேரம் போதும். அந்த அரைமணியில இந்த மூலை போதும்.” கடையையே விலை பேசி முடித்தவர் மாதிரி சொன்னார்.

பையன் துள்ளினான். “எங்க படத்துல பட்டையே கிடையாதுண்ணே! நாளைக்குக் காலையில மாட்டிடறேன்.”

“நாளைக்கா? எனக்கு இன்னிக்கு வேணும்ப்பா.”

“அக்கா, நீங்க சொல்லுங்க. உங்களுக்கு எது பிடிக்கும்?” பையன் கதவோரம் நின்ற லோடுமேனின் மனைவியைக் கேட்டான். அவள் சிரித்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு கணவனைப் பார்த்தாள்.

“அக்காவுக்கு ரொம்பக் கூச்சம்” என்றான் பையன்.

“பட்டையை எடுக்க முடியாதுண்ணே” என்றார் கேபிள்காரர். “டெய்லர் காசு கொடுத்திருக்காரு. என் சட்டையைப் பிடிப்பாரு.”

“அப்போ ஒயரைக் கழட்டிக்கோ. பாக்கியை வாங்கிட்டுக் கிளம்பு. டிஷ்ஷே நாளைக்கு வரட்டும்.” சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. இன்றைக்குப் போனது போனதுதான்.

கேபிள்காரர் ஒரு நிமிடம் தலையைச் சொறிந்தார். பிறகு போனை எடுத்தார். “டேய், கண்ட்ரோல் ரூமா? பட்டையைத் தூக்கி மேல வை. ஆமா, உச்சியில. டெய்லர் கேட்டா, உசத்தியான இடத்துல வச்சிருக்கோம்னு சொல்லு.”

மஞ்சள் பட்டை மறைந்து மேலே முளைத்தது. கீழ்மூலை துடைத்துவிட்ட தரை மாதிரி ஆனது.

லோடுமேன் பணத்தை எடுத்து நீட்டினார்.

“பழைய பாக்கிதானே, முந்நூறு கழிச்சிக்கறேண்ணே. லைன்ல இருங்க, போதும்.”

“லைன்ல இருக்கேன். ஆனா ஒரு பைசா கழிக்காதே. இன்னிக்கு இந்த வீட்ல பாக்கின்னு ஒண்ணு இருக்கக் கூடாது.”

கேபிள்காரர் முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டார். ஆறு மணி ஆனது. செய்தி வாசிப்பவரின் நெற்றியில் ‘பேன்ட் தைத்துத் தரப்படும்’ ஓடியது. பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கீழ்மூலையில் ஒரு சின்னக் கட்டம் திறந்தது. அதற்குள் ஓர் இளம்பெண் கைகளை அசைத்துக்கொண்டிருந்தாள். மனைவி ஓடிவந்து திரைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

“சத்தம் வைங்கண்ணே. இப்படி ஊமைப்படம் பாத்தா என்ன செய்தின்னு யாருக்குத் தெரியும்?” என்றார் கேபிள்காரர்.

மனைவி திரும்பினாள். கண் நிறைந்திருந்தது. அவள் விரல்கள் காற்றில் படபடவென்று ஏதோ சொல்லின.

“பஸ் கட்டணம் ஏறப்போகுதாம்” என்றார் லோடுமேன், இறங்கிய தோளையும் நிமிர்த்திக்கொண்டு. “பொறந்ததுலேர்ந்து காது கேக்காதவ, இன்னிக்குத்தான் முதல் தடவையா டிவி நியூஸ் கேக்கறா. அந்தக் கட்டத்துக்குள்ள இருந்து சொல்றது எங்க பொண்ணு.”