ஏசச் சொன்னவள்

பியூலாவுக்கு மார்பகப் புற்றுநோய் குணமாகி இரண்டு வருடம் ஆயிற்று. எதற்கெடுத்தாலும் சண்டை போடும் கணவர் ஞானதாஸ் இப்போதெல்லாம் "சரிம்மா" மட்டும்தான் சொல்கிறார்.

"உங்களுக்கு என்னக்கா வேணும்?" என்று மருத்துவமனையில் ஆலோசகர் ரெஜினா கேட்டாள்.

"அவரு பழையபடி என்னை ஏசணும். நாளைக்கே போயிருவேன்னு நெனைச்சில்லா பாக்காரு."

ரெஜினா வெளியே இருந்த ஞானதாஸை உள்ளே கூப்பிட்டு, அதைப் பியூலாவையே அவரிடம் சொல்லவைத்தாள். ஞானதாஸ் தலைகுனிந்து கேட்டார்.

மறுநாள் பியூலா வேண்டுமென்றே மீன்குழம்பில் இரண்டு கை உப்பை அள்ளிப் போட்டாள். பரிமாறிவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள். அவர் ஒரு வாய் உண்டு நிமிர்ந்தார்.

"ஏட்டி, இது குழம்பா? வாயில வைக்க முடியுமா, மனுஷன்..." குரல் உடைந்து நின்றுபோனது.

"நிறுத்தாதீங்க," என்றாள் பியூலா. "இன்னும் சொல்லுங்க."