வேலிக்கு அந்தப் பக்கம்

“அந்தப் பூனைக்குப் பால் வைக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது? இருமல் நமக்கும் ஒட்டிக்கும்.”

கல்யாணசுந்தரம் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டார். மனைவி இராஜேஸ்வரி சிந்திய பாலைத் துடைத்தாள். வாசற்படியில் இருந்த சாம்பல் பூனை கழுத்தை நீட்டி, தரையோடு தரையாகப் பதுங்கி, மறுபடி இருமியது.

பூனை பக்கத்து வீட்டு ஐலீனுடையது. அந்த வயதான அம்மாளுக்கு வீட்டில் வேறு துணை கிடையாது.

“வளர்க்கத் தெரியாதவங்க எதுக்கு வளர்க்கணும்? அந்தம்மாவுக்கு ஈவிரக்கமே இல்லை. போன வருஷம் பார்த்தியே, நத்தை மேல உப்பைக் கொட்டினாங்க. பாவம், நுரைச்சு நுரைச்சுச் செத்துது.”

“அன்னிக்கு நீங்க சாப்பிடக்கூட இல்லையே,” என்றாள் இராஜேஸ்வரி. “ரெண்டு தோசையைத் தவிர.”

கடல் கடந்து டண்டினொங்குக்குக் குடிவந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தாம் வருஷமே அவர் கொல்லையில் கீரை போட்டுவிட்டார். தெருப் பூனைகளெல்லாம் வந்து தோண்டி அசிங்கம் பண்ணுவது அந்தப் பாத்தியில்தான். நத்தைகள் மேய்வதும் அங்கேதான். ஆனால் எறும்பைக்கூட மிதிக்காத குடும்பம் அவருடையது. தினமும் ஃபாக்டரிக்குக் கிளம்புமுன் நத்தைகளை வாளியில் பொறுக்குவார். வேலிக்கு மேல் எக்கி, ஐலீன் வீட்டுப் புதரில் ஒவ்வொன்றாகப் பதமாக இறக்கிவிடுவார். அப்புறம் கை கழுவி, விபூதி பூசிக்கொள்வார்.

சனிக்கிழமை காலை ஐலீன் கதவைத் தட்டினாள். கையில் துண்டில் சுற்றிய பூனை. அது வாயைத் திறந்தபடி மூச்சுக்குத் தவித்தது.

“சுந்தர், எங்களை டாக்டர்கிட்ட கொண்டுபோய் விடுவீங்களா? பன்னிரண்டு மணிக்கு மூடிடுவார்.”

பழைய ஹோல்டன் கார் கிளம்பியதுமே அவர் கேட்டுவிட்டார். “இத்தனை நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

“வெறும் சளின்னு நினைச்சேன்.”

கால்நடை மருத்துவர் பூனையின் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். அதன் கழிவை நுண்ணோக்கியில் பார்த்தார்.

“நுரையீரல்ல புழு.”

கல்யாணசுந்தரம் இரண்டடி பின்வாங்கினார். “இது மனுஷங்களுக்கு ஒட்டுமா டாக்டர்?”

“ஒட்டாது. இன்னொரு பூனைக்கே நேரா ஒட்டாது. நோயுள்ள பூனையோட கழிவுல இந்தப் புழுவோட குஞ்சு வெளியே வரும். அது நத்தைக்குள்ள போய் வளரணும். அந்த நத்தையை எலியோ பறவையோ தின்னும், அதைப் பூனை தின்னும். சில பூனை நத்தையையே தின்னுடும். நடுவில நத்தை இல்லைன்னா நோயே பரவாது.” ஐலீனைப் பார்த்தார். “தோட்டத்தில நத்தை அதிகமோ?”

“முன்னெல்லாம் இல்லை. இந்த வருஷம் கால் வைக்க இடமில்லை.”

கல்யாணசுந்தரத்துக்குக் கீரைப்பாத்தி, வாளி, வேலி, எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்து நின்றன. பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“மருந்து தர்றேன்,” என்றார் டாக்டர். “நுரையீரல் ரொம்பக் கெட்டிருக்கு. இந்த வாரத்தைத் தாண்டிட்டா பிழைச்சுக்கும். முதல்ல நத்தைகளை ஒழிங்க.”

திரும்பும் வழியில் பூனை ஐலீனின் மடியில் கிடந்தது. அதன் மூச்சு கரகரவென்று கார் முழுக்கக் கேட்டது. சொல்லிவிடலாம் என்று கல்யாணசுந்தரம் இரண்டு முறை வாயெடுத்தார். வந்தது வேறு.

“போன வருஷம் உப்புப் போட்டீங்களே. இந்த வருஷமும் போட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதே. ஏன் விட்டுட்டீங்க?”

ஐலீன் பூனையின் காதை நீவிக்கொண்டே சிரித்தாள்.

“அதுக்கப்புறம்தான் ஒருநாள் சமையலறை ஜன்னல்லேர்ந்து உங்களை வேலிகிட்ட பார்த்தேன், சுந்தர். தினமும் நீங்க ஒவ்வொரு நத்தையையும் தொட்டில்ல குழந்தையைக் கிடத்தற மாதிரி கிடத்திட்டுப் போவீங்க. அவ்வளவு இரக்கத்தோட என்னை நம்பி ஒப்படைச்சதை நான் எப்படிக் கொல்றது?”