வராத ஆளுக்கு முழுப்பேர்

“பெரட்டுல நிக்கிறதுக்கா டீச்சர் புள்ளைங்கள இங்க பழக்குறீங்க?”

வாசலில் நின்றவளின் குரலில் சூடு. தோளில் பெரிய பை, காலில் புதுச் சப்பாத்து. டயகம பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே முன்பள்ளிக்கு வந்திருந்தாள்.

சுதர்ஷினி டீச்சர் இந்தத் தேயிலைத் தோட்டத்துக்குப் புதிது. வந்தவள் யாரென்று தெரியவில்லை.

“நீங்க?”

“தனுஷிகாவக் கூட்டிட்டுப் போக வந்தேன்.”

“ஓ, ஹட்டன் பெரியம்மாங்களா? அவ அப்பா சொல்லியிருக்காரு.”

அவள் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. பிள்ளையை ஹட்டனில் இங்கிலீஷ் நர்சரியில் சேர்க்கப்போவதாக மட்டும் சொன்னாள். எழுத்து இல்லை, பாடம் இல்லை, ஒரே சேறும் கல்லும், இதெல்லாம் ஒரு பள்ளிக்கூடமா என்று பொரிந்து தள்ளினாள். ஆனால் வாசலைத் தாண்டி உள்ளே மட்டும் வரவில்லை.

டீச்சருக்கு முகம் வாடிவிட்டது. இருந்தாலும் விட்டுக்கொடுக்கவில்லை. இது பிள்ளைகளே கண்டுபிடித்த விளையாட்டு, இலையை எண்ணிக் கல்லை அடுக்கும்போது கணக்கு தானாக வருகிறது என்றாள். வந்த புதிதில் தனுஷிகா வாயே திறக்கமாட்டாளாம். ஆள் கூப்பிடும் கங்காணியாக ஆன பிறகுதான் பேச்சே வந்ததாம்.

“கொஞ்சம் நின்னு பாருங்க. அப்புறம் கூட்டிட்டுப் போங்க.”

உள்ளே பிள்ளைகள் இடுப்பில் பழைய சாக்கைக் கட்டிக்கொண்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நிற்கும் தொழிலாளிகள் மாதிரியே வரிசையில் நின்றார்கள். தனுஷிகா வாசலுக்கு முதுகைக் காட்டி நின்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். வந்திருக்கேன் என்றவருக்கெல்லாம் தட்டில் ஒரு கல். கல் விழுந்தால் பேர் விழுந்த கணக்கு; தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. பிந்தி ஓடிவந்த லோஜனுக்கு மட்டும் சின்னக் கல்.

“ஒனக்கு அரைப்பேருதான்.”

அத்தனை கோபத்திலும் வந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கடைசியாகத் தனுஷிகா, “வினோதா” என்றாள். பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள். பிறகு இருப்பதிலேயே பெரிய கல்லாகத் தேடி எடுத்துத் தட்டில் வைத்தாள்.

லோஜனுக்குப் பொறுக்கவில்லை. “வந்த எனக்கு அரைப்பேரு. வராத ஆளுக்கு முழுப்பேரா?”

“அவங்க தூரத்துல வேலை செய்றாங்க” என்றாள் கங்காணி, கண்டிப்பாக.

டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அவ அம்மா பேருதான். குவைத்துக்குப் போயி மூணு வருஷமாச்சாம். தெனமும் இப்படித்தான் கூப்பிடுவா, பாவம். உங்களுக்குத் தெரியாததா?”

வந்தவள் பையை அங்கேயே போட்டாள். சப்பாத்தைக் கழற்றினாள். உள்ளே போய், வரிசையின் கடைசியில், லோஜனுக்குப் பக்கத்தில் நின்றாள்.

“இன்னொரு தடவை கூப்பிடுங்க கங்காணி. வினோதா வந்திருக்கேன்.”